தோலும் முடியும் கேட்கும் அவகாசம்

கோவில்பட்டியில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராகப் பத்தாண்டுகளுக்கு மேலாக வேலை பார்த்து வருகிறேன். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து வாங்குபவர்கள் பெரும்பாலும் மருத்துவரின் சீட்டோடு வருகிறார்கள். தோலுக்கும் முடிக்கும் மருந்து கேட்பவர்களோ பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த நசுங்கிய டியூபையோ, கைப்பேசியில் பிடித்து வைத்திருக்கும் படத்தையோ நீட்டி, 'இதே மாதிரி ஒண்ணு' என்கிறார்கள். அவர்கள் சொல்லும் காரணங்களையும், கடைக்கு வருவதற்கு முன்பே வீட்டில் செய்து பார்த்த வைத்தியங்களையும் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. இந்த இரண்டைப் பற்றியும் நிலவும் தவறான நம்பிக்கைகளில் பெரும்பாலானவை காலக் கணக்கைத் தவறாகப் போடுவதால் பிறக்கின்றன. பூசிய மூன்றாம் நாள் சுகம் தெரிந்தால் அது நல்ல மருந்து என்றும், இன்று முடி கொட்டினால் போன வாரம் மாற்றிய ஷாம்புதான் காரணம் என்றும் மனம் முடிவு கட்டிவிடுகிறது. ஆனால் தோலின் மேலடுக்கு முழுவதும் புதிதாக மாற ஏறத்தாழ நான்கு வாரங்களாவது ஆகும். ஒரு முடி வளர்வதை நிறுத்திய பிறகு உதிர்ந்து கையோடு வர இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். இந்த இடைவெளிக்குள்தான் அத்தனை வியாபாரமும் நடக்கிறது.

இதனால் அதிகம் கெடுபவர்கள் படர்தாமரை வந்தவர்கள். தொடையிடுக்கிலும் இடுப்பிலும் வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து, இரவில் தூங்கவிடாமல் அரிக்கும் இந்தப் பூஞ்சைத் தொற்றுக்கு எங்கள் ஊர் வெயிலும் வியர்வையும் போதும். பட்டறைகளிலும் தீப்பெட்டி ஆலைகளிலும் நாள் முழுவதும் இறுக்கமான ஜீன்ஸோடு நின்று வேலை பார்க்கும் இளைஞர்கள் கூச்சத்தோடு வந்து, கூட்டம் விலகும்வரை காத்திருந்து, தணிந்த குரலில் ஒரு களிம்பின் பெயரைச் சொல்வார்கள். அந்தக் களிம்பில் பூஞ்சைக்கொல்லி, பாக்டீரியாக்கொல்லி ஆகியவற்றோடு குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்ற வீரியமான ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். சிவப்பும் அரிப்பும் பூஞ்சையை எதிர்த்து உடல் நடத்தும் போராட்டத்தின் வெளிப்பாடு. ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தை அடக்குகிறது. ஆகவே இரண்டே நாளில் அரிப்பு அடங்கி, சிவப்பு மங்கி, நோய் போய்விட்டதாகத் தோன்றும். எதிர்ப்பார் இல்லாத பூஞ்சையோ அடியில் நிதானமாகப் பரவிக்கொண்டிருக்கும். களிம்பை நிறுத்தியதும் பழைய இடத்தைவிட அகலமாக, வட்டத்துக்குள் வட்டமாகத் திரும்பி வரும்.

'மருந்து நல்லாக் கேக்குதுக்கா, நிறுத்துனாத்தான் திரும்ப வந்துருது' என்று ஒரு தம்பி சொன்னார். நிறுத்தினால் திரும்பி வருவதுதான் அந்த மருந்து கேட்கவில்லை என்பதற்கு முதல் அடையாளம் என்பதை அவருக்கு விளக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மாதக்கணக்கில் பூசியதில் அவருடைய தொடையில் தோல் மெலிந்து, பிரசவத்துக்குப் பிறகு பெண்களின் வயிற்றில் விழுவதைப் போன்ற வரிகள் விழுந்திருந்தன. படர்தாமரை ஆறிய பிறகும் அந்த வரிகள் முழுவதுமாக மறைவதில்லை. இப்படி அரைகுறையாக மருந்து பூசும் பழக்கத்தோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டிருக்கிறது. கடந்த பத்தாண்டுகளில் இந்தியா முழுவதும் பரவியிருக்கும் டிரைக்கோபைட்டன் இன்டோட்டினியே என்ற பூஞ்சை வகை, முன்பெல்லாம் எளிதில் வேலை செய்த டெர்பினாஃபைன் மருந்துக்குப் பல நோயாளிகளிடம் கட்டுப்படுவதில்லை. அதனால்தான் தோல் மருத்துவர்கள் இப்போது வாரக்கணக்கில் மாத்திரை எழுதுகிறார்கள். 'சாதாரணச் சொறிக்கு இவ்வளவு மாத்திரையா' என்று பாதியில் நிறுத்துபவர்கள் அடுத்த மாதமே திரும்பி வருகிறார்கள்.

ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சைக் களிம்பை வட்டத்தின் நடுவில் மட்டும் தடவாமல், ஓரத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலத்துக்கு வெளியிலிருந்து உள்நோக்கிப் பூச வேண்டும். தோல் பார்வைக்குச் சுத்தமான பிறகும் குறைந்தது இரண்டு வாரம் தொடர வேண்டும். துண்டும் உள்ளாடையும் தனித்தனியாக இருக்க வேண்டும். துவைத்தவற்றை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி நல்ல வெயிலில் காயப்போட வேண்டும். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் ஒரே சமயத்தில் வைத்தியம் செய்யாவிட்டால் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு அது சுற்றிக்கொண்டே இருக்கும். பலர் நினைத்தும் பார்க்காத ஓர் இடம் அரைஞாண் கயிறு. குளித்த பின் உடம்பு உலர்ந்தாலும் கயிறு உலர்வதில்லை; ஈரத்தோடு இடுப்பைச் சுற்றிக் கிடக்கும் அந்தக் கயிறே தொற்றை மீண்டும் மீண்டும் கொடுத்துக்கொண்டிருக்கும். நோய் முழுவதும் தீரும்வரையாவது அதைக் கழற்றி வைப்பது நல்லது. இதைச் சொன்னால் சில பெரியவர்களுக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

இதே ஸ்டீராய்டு வேறொரு வேடத்தில் பெண்களின் முகத்துக்குப் போகிறது. மங்கு என்று நாம் சொல்லும் கன்னக் கருமைக்கு ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் கலந்த களிம்பை மருத்துவர்கள் எழுதுவதுண்டு. இரவில் மட்டும், கருமை உள்ள இடத்தில் மட்டும், சில வாரங்களுக்கு மட்டும் என்ற மூன்று நிபந்தனைகளோடு பூச வேண்டிய மருந்து அது. முதல் இரண்டு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆவதைப் பார்த்த ஒருவர் தங்கையிடம் சொல்ல, தங்கை நாத்தனாரிடம் சொல்ல, அது முகம் முழுவதும் பூசும் சிவப்பழகுக் களிம்பாகிவிடுகிறது. கல்யாணம் நிச்சயமான பெண்களும் அவர்களுடைய அம்மாக்களும் அதைக் கேட்டு வருவார்கள். சில மாதங்களில் தோல் மெலிந்து, மெல்லிய இரத்தக்குழாய்கள் சிவந்த நூலாகத் தெரிய, பருக்கள் கொப்பளித்து, தாடையோரம் பூனைமயிர் அடர்ந்து, வெயில் பட்டாலே எரியத் தொடங்கும். நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் பல மடங்காகும். அந்த எரிச்சலை, களிம்பு இல்லாததால் வந்த கேடு என்று எண்ணி மறுபடியும் அதையே வாங்க வருகிறார்கள். இப்படிச் சேதமடைந்த முகத்தைத் தனி நோயாகவே வகைப்படுத்த வேண்டிய அளவுக்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் இதைப் பார்த்துவிட்டார்கள். அவர்கள் தொடர்ந்து வற்புறுத்தியதன் பின் 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத 'எச்' அட்டவணையில் சேர்த்தது. சட்டம் வந்த பிறகும் சீட்டு இல்லாமல் கேட்பது குறையவில்லை; நான் மறுத்தால் 'அந்தக் கடையில் குடுக்காங்களே' என்ற பதில் தயாராக இருக்கும்.

ஆகவே டியூபைப் படிக்கக் கற்றுக்கொள்வது எல்லோருக்கும் தேவை. பெரிய எழுத்தில் இருப்பது வியாபாரப் பெயர். அதை விட்டுவிட்டு, அடியில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் பார்க்க வேண்டும். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளுவோசினோலோன், குளோபெட்டசால், ஹைட்ரோகார்ட்டிசோன் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் சொல்லாமல் அது முகத்துக்கோ, தொடையிடுக்குக்கோ, குழந்தையின் உடம்புக்கோ போகக் கூடாது. ஏற்கெனவே மாதக்கணக்கில் முகத்தில் பூசிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே தூக்கி எறியவும் வேண்டாம். அதை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது, இடையில் வரும் எரிச்சலை எப்படிச் சமாளிப்பது என்பதைத் தோல் மருத்துவர்தான் திட்டமிட்டுச் சொல்ல வேண்டும்.

இந்தப் பேச்சு இப்போது மறுகோடிக்கும் போய்விட்டதை நான் கவனிக்கிறேன். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் பயந்து, கரப்பான் வந்த குழந்தைக்கு மருத்துவர் எழுதிய களிம்பைப் பூசாமல் வைத்திருக்கும் இளம் தாய்மார்கள் வருகிறார்கள். குழந்தை இரவெல்லாம் சொறிந்து புண்ணாக்கிக்கொள்கிறது. சரியான நோய்க்கு, சரியான வீரியத்தில், சரியான நாட்களுக்குப் பூசினால் அது மிக நல்ல மருந்து. அளவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது: பெரியவர்களின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை டியூபிலிருந்து பிதுக்கினால் வருவது ஏறத்தாழ அரை கிராம், விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவுள்ள தோலுக்கு அது போதும். குழந்தைக்கு எத்தனை விரல் நுனி என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டால் கூடுமோ குறையுமோ என்ற அச்சமே வேண்டியதில்லை.

மருந்துப் பெயரே அச்சிடாமல் இணையத்திலும் அழகுசாதனக் கடைகளிலும் விற்கும் வெளிநாட்டுச் சிவப்பழகுக் களிம்புகள் இதைவிட மோசம். அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், அத்தகைய களிம்புகளைப் பூசியவர்களுக்குச் சிறுநீரில் புரதம் ஒழுகும் சிறுநீரக நோய் வந்ததை அங்குள்ள மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். தயாரித்தவரின் முகவரியும் உட்பொருட்களும் இல்லாத டப்பாவைத் தொடவே வேண்டாம். இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றுமில்லை.

கழுத்துக் கருப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையைக் கையோடு இழுத்து வந்து, சட்டைக் காலரை விலக்கி, 'பாரு தாயி, எவ்வளவு தேய்ச்சாலும் இந்த அழுக்குப் போவ மாட்டேங்குது' என்று காட்டும் பாட்டிகளும் அம்மாக்களும் மாதந்தோறும் வருகிறார்கள். பீர்க்கங்காய் நார், எலுமிச்சைத் தோல், சமையல் சோடா என்று எல்லாம் முடிந்து, கழுத்து சிராய்த்து எரியும் நிலையில் அந்தப் பிள்ளை தலைகுனிந்து நிற்கும். குளிக்கச் சோம்பல் என்று வீட்டிலும் பள்ளியிலும் ஏச்சு வாங்கியிருக்கும். நான் பஞ்சில் கொஞ்சம் சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்து ஓர் ஓரமாக மெதுவாகத் துடைத்துப் பார்ப்பேன். அபூர்வமாகச் சிலருக்கு உதிராமல் படிந்த இறந்த தோல் அப்படியே பஞ்சோடு வந்துவிடும்; வந்தால் பிரச்சினை தீர்ந்தது. பெரும்பாலும் ஒன்றும் வராது. விரலால் தடவினால் வெல்வெட்டைப் போலத் தடித்திருக்கும். அக்குளிலும் அதே கருமை இருக்கும்.

அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த மாற்றத்துக்கும் அழுக்குக்கும் சம்பந்தமில்லை. உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இணங்காதபோது அதை ஈடுகட்டக் கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. இரத்தத்தில் மிகுந்துவிட்ட அந்த இன்சுலின் தோலின் செல்களை வேகமாகப் பெருகச் செய்வதால் கழுத்தும் அக்குளும் தடித்துக் கருக்கின்றன. பிற்காலத்தில் வரக்கூடிய சர்க்கரை நோயைப் பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டிக்கொடுக்கும் அடையாளம் இது. பெண்பிள்ளைகளாக இருந்து, மாதவிலக்கு தள்ளிப்போவதும் முகத்தில் முடி வளர்வதும் சேர்ந்திருந்தால் சினைப்பையில் நீர்க்கட்டிகள் தொடர்பான கோளாறையும் பார்க்க வேண்டியிருக்கும். தேய்க்கத் தேய்க்கத் தோல் இன்னும் தடித்துக் கருக்குமே தவிர வெளுக்காது. நார் வாங்கும் காசுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவையும் பரிசோதித்துக்கொள்வது பயனுள்ளது. குடும்பத்தில் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டால், பிள்ளையை ஏசிக்கொண்டிருந்த பாட்டியே 'எனக்கு இருபது வருசமா இருக்கு' என்று சொல்வதும் உண்டு. பிள்ளையின் எடை குறைந்து, இனிப்புப் பானங்கள் நின்று, விளையாட்டு கூடினால் சில மாதங்களில் கருமை மெல்லத் தணியத் தொடங்கும். ஒரு மாதத்தில் பலன் கேட்பவர்களுக்கு இந்த வைத்தியம் பிடிப்பதில்லை.

முடிக்கு வருகிறேன். காலக் கணக்கு மிகத் தெளிவாகத் தெரியும் இடம் இதுதான். எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு டெங்குவும் சிக்குன்குன்யாவும் வரும். தை, மாசியில் பெண்கள் முடிக்கற்றையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு கடைக்கு வருவார்கள். போர் தண்ணீர், புது ஷாம்பு, கண்ணேறு என்று காரணங்கள் சொல்வார்கள். 'மூன்று மாசத்துக்கு முன்னால் காய்ச்சல் வந்துச்சா' என்று நான் கேட்டால் முதலில் வியப்பும் பிறகு சந்தேகமும் முகத்தில் தெரியும். நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வளர்ந்து, பிறகு சில வாரங்களில் அடங்கி, ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்ந்திருந்து உதிர்கிறது. ஆகவே ஆரோக்கியமான தலையிலும் நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது இயல்பு. கடுங்காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, பிரசவம், திடீர்ப் பட்டினி ஆகியவை வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் கணிசமான பகுதியை ஒரே சமயத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடுகின்றன. மூன்று மாதம் கழித்து அவை ஒன்றாகக் கொட்டும்போது காய்ச்சலை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் கவனித்த காலம் மிகச் சரி. குழந்தை சிரித்து முகம் அறியும் மாதங்களும், பிரசவத்தால் ஓய்வுக்குப் போன முடி உதிரும் மாதங்களும் ஒன்றுதான். குழந்தையின் சிரிப்புதான் பாவம், வீணாகப் பழி ஏற்கிறது. இவ்வகை உதிர்வில் வேர் சாவதில்லை. ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் தானாக நின்று, நெற்றியோரம் குட்டை முடிகள் குத்திட்டு வளரத் தொடங்கும். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் முடி வளரும் என்பதால் பழைய அடர்த்தி கண்ணுக்குத் தெரிய ஓராண்டுக்கு மேல் ஆகலாம். அந்த இடைவெளியில் எந்த எண்ணெயைத் தேய்த்தாலும் அந்த எண்ணெய்க்குப் பெயர் கிடைத்துவிடும். மூலிகை எண்ணெய் வியாபாரத்தின் அடித்தளமே அதுதான் என்பது என் கணிப்பு.

ஆறு மாதம் கடந்தும் நிற்காமல் கொட்டினாலோ, வகிடு அகன்றுகொண்டே போனாலோ காரணம் வேறு. அப்போது ஹீமோகுளோபின், இரும்புச் சத்தின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு ஆகிய மூன்றையும் மருத்துவர்கள் பார்க்கச் சொல்வார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. முடிக்கு என்று விற்கும் பயோட்டின் மாத்திரைகளில் பலவற்றில் 10 மில்லிகிராம் இருக்கிறது. நாளொன்றுக்கு நமக்குப் போதுமான அளவோ 30 மைக்ரோகிராம்தான், அதுவும் சாதாரண உணவிலேயே கிடைத்துவிடும். பயோட்டின் குறைபாடு அரிது என்பதால் அந்த மாத்திரையால் பெரும்பாலோருக்கு முடி வளர்வதில்லை. அதைவிட முக்கியமாக, இரத்தத்தில் மிகுந்திருக்கும் பயோட்டின் சில தைராய்டு பரிசோதனைகளைக் குழப்பி, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் இதைப் பற்றி எச்சரித்தது. ஆகவே இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அந்த மாத்திரையை நிறுத்தி, பரிசோதனைக் கூடத்திலும் சொல்லிவிட வேண்டும்.

மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வளரும் என்பதைப் பற்றி நான் யாரோடும் வாதிடுவதில்லை. குலதெய்வத்துக்குப் போடும் மொட்டைக்கு அழகுக் காரணம் தேவையில்லை. இயற்கையாக வளர்ந்த முடியின் நுனி கூராகவும், மழித்த முடியின் நுனி மொட்டையாகவும் இருப்பதால் தடவும்போது தடிப்பாகத் தோன்றுகிறது. மழிப்பதால் முடியின் பருமனோ வேகமோ மாறுவதில்லை என்பதை மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் 1928-லேயே அளந்து காட்டிவிட்டார்.

தேங்காயெண்ணெய் பற்றிக் கேட்டால் நான் அதன் பக்கம்தான், ஒரு நிபந்தனையோடு. அதிலுள்ள லாரிக் அமிலம் முடித்தண்டின் உள்ளே புகுந்து, தலைக்குக் குளிக்கும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது. ஆகவே குளிப்பதற்கு முன் முடியின் நீளத்தில் எண்ணெய் தடவுவது நல்ல பழக்கம். ஆனால் பொடுகு இருக்கும் தலைக்கு அது எதிரி. பொடுகை வறட்சி என்று நினைத்து எண்ணெயை ஊற வைப்பவர்களே அதிகம். உண்மையில் பொடுகுக்குக் காரணமான மலாசீசியா என்ற பூஞ்சை எண்ணெய்ப் பசையைத் தின்று வாழ்வது. ஊற வைத்த எண்ணெய் அதற்கு விருந்து. எண்ணெயில் செதில்கள் நனைந்து கண்ணுக்கு மறைவதால் அன்றைக்குக் குறைந்ததாகத் தோன்றும், அவ்வளவுதான். 2 சதவீதக் கீட்டோகோனசோல் ஷாம்பு வாங்குபவர்களும் போட்ட வேகத்தில் அலசிவிட்டு, 'கேக்கல' என்று திரும்பி வருகிறார்கள். அது முடியைக் கழுவ வந்த ஷாம்பு அல்ல, தலைத்தோலுக்கான மருந்து. தலைத்தோலில் படும்படி தேய்த்து, மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டு அலச வேண்டும். வாரம் இரண்டு முறை, இரண்டு முதல் நான்கு வாரம் தொடர்ந்து, பிறகு ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டு வந்தால் பொடுகு கட்டுக்குள் இருக்கும். அடியோடு ஒழிக்கும் பொருள் எதையும் நான் விற்பதில்லை, அப்படி ஒன்று இல்லை என்பதால்.

புழுவெட்டும் இதே கதைதான். காசு அளவு வட்டமாக வழுக்கை விழும் அந்த நோயில் புழு எதுவும் இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் முடிவேரையே தவறாகத் தாக்குகிறது. ஒன்றிரண்டு வட்டங்கள் மட்டும் உள்ளவர்களில் பலருக்கு ஓராண்டுக்குள் தானாகவே முடி திரும்பிவிடும் என்பதால் சின்ன வெங்காயம் தேய்த்தவர் வெங்காயத்தையும், வேறொன்றைத் தேய்த்தவர் அந்த வேறொன்றையும் புகழ்கிறார். வட்டங்கள் கூடிக்கொண்டே போனாலும், புருவமோ தாடியோ உதிர்ந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். ஆண்களின் பரம்பரை வழுக்கைக்குப் பூசும் மினாக்சிடிலிலோ கணக்கு நேர்மாறு. இரத்த அழுத்த மாத்திரையாகப் புழக்கத்துக்கு வந்து, எதிர்பாராமல் முடி வளர்ப்பதாகத் தெரிந்த மருந்து அது. முதல் சில வாரங்களில் பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதிய முடி கிளம்புவதால் உதிர்வு கூடும்; பயந்து நிறுத்துபவர்கள் பெரும்பாலும் அந்த வாரங்களில்தான் நிறுத்துகிறார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும், நிறுத்தினால் பலனும் போய்விடும் என்ற இரண்டையும் ஏற்றுக்கொள்பவர்கள் மட்டும் அதைத் தொடங்குவது நல்லது.

தாமதமாகத் தெரியும் கேடுகளில் இரண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் போனால் அதிலுள்ள ஒருவகைப் பொருள் புற ஊதாக் கதிரோடு சேர்ந்து தோலைச் சுட்டுவிடும். ஓரிரு நாள் கழித்துத்தான் சிவந்து எரியும். அதன் கருந்தடம் மாதக்கணக்கில் நிற்கும். இரண்டாவது, தலைமுடிச் சாயம். 'இத்தனை வருசமா இதே டைதான் போடுறேன், ஒண்ணும் ஆனதில்ல' என்று சொல்பவர்களுக்கும் ஒருநாள் கண்ணிமை வீங்கி, காதோரம் நீர் கோத்து வடியலாம். அதிலுள்ள பாரா ஃபெனிலின் டைஅமின் என்ற இரசாயனத்துக்கு உடம்பு பல ஆண்டுகள் பழகிய பிறகும் ஒவ்வாமை பிறக்கும். சாயம் பூசி ஒன்றிரண்டு நாள் கழித்தே அது வெளிப்படுவதால், பலர் அன்று சாப்பிட்ட கத்தரிக்காய் மீதும் கருவாட்டின் மீதும் பழி போடுகிறார்கள். மருதாணியின் இயற்கை நிறம் செம்மஞ்சள்தான். மருதாணி என்ற பெயரில் சில நிமிடத்தில் முடியைக் கறுப்பாக்கும் பொட்டலத்தில் பெரும்பாலும் இதே இரசாயனம் இருக்கும். ஒவ்வொரு முறையும் காதுக்குப் பின்னால் சிறு பொட்டளவு பூசி 48 மணி நேரம் பார்த்த பிறகு தலைக்குப் போடலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அந்த வகைச் சாயத்தை வாழ்நாள் முழுவதும் விட்டுவிட வேண்டும்.

வெயில் தடுப்புக் களிம்பைப் பற்றி நான் குறைவாகவே பேசுவேன், ஏனென்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் அது எட்டும் விலையில் இல்லை. மங்கு உள்ளவர்களுக்கு மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளவாக்கில் பிதுக்கும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும், வெளியில் இருந்தால் இரண்டு மணிக்கொருமுறை மீண்டும் பூச வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டுவதால், தோலின் நிறத்தோடு கலக்கும் சாயமுள்ள களிம்பு அவர்களுக்கு வெள்ளைக் களிம்பைவிட நல்லது. மற்றவர்களுக்குக் குடையும், அகல விளிம்புத் தொப்பியும், நீளக் கைச்சட்டையும் கைகொடுக்கும்.

தூத்துக்குடி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. பேருந்துச் செலவோடு போய்ப் பார்த்துவிடலாம். போகும்போது மூன்று காரியங்களைச் செய்யும்படி கடைக்கு வருபவர்களிடம் சொல்லி அனுப்புகிறேன். கடந்த ஆறு மாதத்தில் வந்த காய்ச்சல், பிரசவம், புதிய மாத்திரை ஆகியவற்றைத் தேதியோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். மாதம் ஒருமுறை, அதே சன்னலோரம், அதே வெளிச்சத்தில் கைப்பேசியில் எடுத்த படங்களை வைத்திருக்க வேண்டும், ஏனெனில் நாள்தோறும் கண்ணாடியில் பார்ப்பவருக்கு மெதுவான மாற்றம் தெரியாது. இதுவரை பூசிய எல்லாவற்றையும், மறைக்கத் தோன்றும் டியூபையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும்; டியூப் தீர்ந்திருந்தால் அதன் அட்டைப்பெட்டியாவது வேண்டும், உள்ளே இருந்த மருந்தின் பெயரும் வீரியமும் அதில்தான் அச்சாகியிருக்கும்.